இரவல் கண்ணாடி

சமூகவியல் முனைவர் பட்டத்துக்காகப் புள்ளியியல் ஆய்வு முறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தால் விசைத்தறிப் பெண்களின் வருமானம் கூடுமா என்பது என் கேள்வி. வெண்ணந்தூரில் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குக் கண்ணாடி கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு தருவதாகச் சொல்லிவிட்டேன்.

இடையில் ஒருநாள் போனபோது, குலுக்கலில் பெயர் வராத மல்லிகாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"இது ஏதுங்கக்கா?"

"பக்கத்து ஊட்டு சாந்தியுதுங்க. அவ சோறாக்கற நேரத்துல நான் போட்டுக்குவனுங்க."

ஒப்பீடே கெட்டதே என்ற ஆத்திரம்தான் எனக்கு முதலில் வந்தது.

"நீங்க இதைப் போடவே கூடாதுங்க. என் படிப்பே பாழாயிரும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் பதறிக் கழற்றினார். பிறகு கையை எட்ட நீட்டி, கண்ணைச் சுருக்கி, அதே இழையை முடியத் தடுமாறினார். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

"போட்டுக்குங்கக்கா, பரவால்லீங்க" என்று கெஞ்சினேன்.

"வேண்டாஞ் சாமி. என்னால உங்க படிப்பு கெடக் கூடாது."

அடுத்த வாரமே எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்துவிட்டு, ஆய்வை வேறு தலைப்பில் முடித்தேன். பட்டமும் வந்தது. அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால், மனம் இன்றுவரை இப்படி உறுத்திக்கொண்டிருக்காது.