ஓதின தண்ணீரைக் காய்ச்சலாமா?

ஐம்பதுகளின் நடுவில், சாய்ந்தமருதில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் சொல்லிக் கொடுக்க எங்களைப் போன்ற கல்யாணமாகாத குமர்ப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துப் பழக்கினார்கள். சம்பளம் கிடையாது. பழக்கியவர் அரசாங்க மருத்துவிச்சி. நாங்கள் மிஸ்ஸி என்போம். தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சி, மூடி ஆறவைத்துக் குடிக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். இதைச் சொல்ல ஒரு வகுப்பா என்று எனக்கு எரிச்சல். பொறுமைக்கும் எனக்கும் அப்போதே வெகுதூரம்.

நாங்கள் தெருவில் இறங்குவதில்லை. கிடுகு வேலிகளில் ஆள் நுழைய இடைவெளி விட்டிருப்பார்கள், கடப்பு என்போம். அதன் வழியே வளவுக்கு வளவு போய் ஊரையே சுற்றலாம். அப்படித்தான் பின்வளவு ராத்தாவிடம் போனேன். எனக்கு அக்கா முறை; இரண்டு பிள்ளைகளை வயிற்றோட்டத்தில் பறிகொடுத்தவர். மூன்றாவது மகன், தவழுகிற வயது, அதே நோயில் துவண்டு மடியில் கிடந்தான். ராத்தா போத்தல் தண்ணீரைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர்.

"ராத்தா, இதக் காய்ச்சினயளா?"

"உனக்கென்ன விசரா புள்ள? ஓதின தண்ணிய அடுப்புல வெக்கிறதா? பரக்கத்தெல்லாம் ஆவியாப் போயிடாதா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கூடவே ஒரு குறுகுறுப்பும். ஓதியதன் அருள் உண்மையிலேயே ஆவியாகிப் போய்விடுமா? மிஸ்ஸியின் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. பிள்ளையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. நின்று வாதாட நேரமில்லை. கடப்புக் கடப்பாக நுழைந்து லெப்பையின் வீட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.

லெப்பையின் பெண்சாதி சோற்றுக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதை உள்வாசலில் நின்றபடியே கணவருக்குச் சத்தமாகச் சொன்னார். அவர் திரைக்கு அப்பால் இருந்தார்.

"இத இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லியே," என்றார் லெப்பை. அவர் குரலிலும் அதே குறுகுறுப்பு. "கிதாபப் பாக்கணும். நாளைக்கு வரச் சொல்லு."

நாளைக்கா! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்தப் புள்ள நாளைக்கு இரிக்குமா?" என்று கத்தியேவிட்டேன். குமர்ப் பிள்ளை லெப்பையிடம் கத்துவதாவது! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பெண்சாதி கஞ்சிப் பானையை இறக்கினார். "ஏன் மனிசரே, காய்ச்சிப் போட்டு ஓதினா என்னவாம்?"

திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "ஓம், அதுக்கென்ன! வை அடுப்புல."

அங்கேயே காய்ச்சினோம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓதிக் கொடுத்தார். நான் கொண்டு ஓடினேன். பிள்ளைக்குப் புகட்டினோம், கஞ்சித் தண்ணியும் கொடுத்தோம், விடிய விடியப் பக்கத்தில் இருந்தோம். அல்லாஹ்தான் காப்பாற்றினான்; பிழைத்துக்கொண்டான்.

சில மாதம் கழித்து ராத்தா வேலியோரம் யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது. "எல்லாம் லெப்பை ஓதினதுதான் புள்ள."

மிஸ்ஸியை விட்டார், என்னையும் விட்டார்! சண்டைக்கே கிளம்பி வேலியடிக்குப் போனேன். ராத்தா இன்னும் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீயும் கொண்டு போய் ஓதி வாங்கு. ஆனா பச்சத் தண்ணி கொண்டு போயிராத. மனிசன் போத்தலத் தொட்டுப் பாப்பார். சூடில்லாட்டித் திருப்பி அனுப்பிப் போடுவார்."

அவருடைய மகன் கடப்பு வழியே தத்தித் தத்தி நடந்து வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டேன்.