மைக்கை நிறுத்தச் சொல்லப் போனவன்

அந்தப் பாட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் பேனரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த முகத்தைத் தெரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை. நாற்பது வருஷத்துக்கும் முந்தின படத்தைப் போட்டிருந்தார்கள். சுருட்டை முடி, பெரிய காலர் வைத்த சட்டை, கையில் மைக். கூட வந்த மருமகள் படித்துச் சொன்னாள். பசியாவரத்துத் திருவிழாவுக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி. பழைய குழுவில் சாகாமல் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வருகிறார்களாம்.

“நம்ம ஊர்க்காரங்கள கூப்ட்டாங்களா மாமா?” என்று கேட்டாள்.

“கூப்ட்டா இன்னா, கூப்டாட்டி இன்னா. நட” என்றேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் சினிமாவில் பாடினவர் இல்லை. சினிமாப் பாட்டை ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற குழுவில் இருந்தவர். மெட்ராஸிலிருந்து வேனில் வருவார்கள். ஆடி மாசம் ஏரியைச் சுற்றி எந்த ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் அந்தக் குழுதான் பாடும். நானும் என் சகலையும், அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அவர் பாடுகிற ஊருக்கெல்லாம் படகு தள்ளிக்கொண்டு போவோம். சகலை அவரைப் பார்த்துச் சுருட்டை வைக்கிறேன் என்று பொன்னேரி சலூனில் போய்த் தலையைத் தீய்த்துக்கொண்டு வந்தார். ஒரு மாசம் தலையில் துண்டு கட்டிக்கொண்டே மீன் பிடித்தார். அவருடைய சம்சாரம் இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டும்.

ஒரு பாட்டின் நடுவே அவர் மூச்சு விடாமல் ஒரே இழுப்பாக இழுப்பார். அதற்கு நாங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். எங்கள் ஏரியில் பெரிய ஆழம் கிடையாது, மூங்கில் கோலை ஊன்றித்தான் படகைத் தள்ளுவோம். அந்த இழுப்பு முடிவதற்குள் பன்னிரண்டு கோல் தள்ளலாம். தள்ளிப் பார்த்திருக்கிறோம். பசியாவரத்தில் மைக்கில் பாடினால் கோட்டைக்குப்பத்தில் எங்கள் கரையில் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலக் கேட்கும். தண்ணீர் மேல் சத்தம் அப்படி வரும். எல்லா வினையும் அதனால்தான் வந்தது.

பேனரைப் பார்த்த மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தோம். நான், சகலை, என் சின்ன மச்சான். மச்சான் என் மனைவியின் தம்பி. படகு அவனுடையது. அவனுக்கே அறுபது ஆகப்போகிறது. ஊரே இஞ்சின் வைத்துக்கொண்ட பிறகும் அவன் பாய்தான் கட்டுவான். பாய் கட்டினால் காற்று வருகிற பக்கம் விளிம்பில் ஓர் ஆள் உட்கார வேண்டும், இல்லையென்றால் படகு சாயும். வலை இழுக்கிற தெம்பு போன பிறகு எனக்கு அந்த வேலைதான்.

“மாமா இப்ப ஆளு இல்ல, எடைக்கல்லு” என்பான் மச்சான்.

“கல்லு டீ கேக்காது. இவன் ரெண்டு கேப்பான்” என்பார் சகலை.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். என் கல்யாணத்திலிருந்து அந்த வீட்டுப் படகில்தான் ஏறி இறங்குகிறேன். நான் பேசுவதும் சண்டை போடுவதும் அதில்தான். அதை விட்டால் எனக்கு வீட்டு வாசலும் இருமலும்தான்.

அன்றைக்கு சகலைதான் ஆரம்பித்தார். “பேனர பாத்தியா சகல? போலாமா?”

“போயி?”

“போன மாசம் எங்கியோ பாடினத பேரன் போன்ல காட்டினான். கொரலு ஓட்டப் பைப்புல தண்ணி வர்ற மாதிரி வருது. பல்லுசெட்டு வேற. பாட்டு ஒரு பக்கம் போது, பல்லு ஒரு பக்கம் போது.”

“அப்ப எதுக்கு போலாமான்ற?”

“செத்தப்பறம் மாலை போட்ட போட்டோவ பாத்து இன்னா பண்றது? ஆனா ஒண்ணு, போயி பாத்தா நம்ம மனசுல இருக்கற ஆளு போயிடுவான். அதான் ரோசன. பாக்காமயே இருந்துட்டா அவன் அப்டியே சுருட்ட முடியோட இருப்பான்.”

“நீ மொதல்ல கண்ணாடில உன் மூஞ்ச பாரு. அவரு உன்ன பாத்து பயப்படாம இருந்தா சரி.”

அதுவரை பேசாமல் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்த மச்சான் வலையைக் கீழே போட்டான்.

“நீங்க போறீங்களோ இல்லியோ, நான் போறேன்.”

சகலை சிரித்தார். “நீ இன்னாத்துக்குடா? உனுக்கு பாட்டே ஆவாதே.”

“பாட்டு கேக்க இல்ல. மேடைல ஏறி மைக்க புடுங்கப் போறேன். எங்கண்ணன் தண்ணில கத்தினு இருந்தப்ப நீ இன்னாடா பாடினு இருந்தேன்னு, அத்தினி ஜனமும் கேக்கற மாதிரி கேக்கப் போறேன். செத்துட்டான்னு நெனச்சேன். தானா வந்து மாட்டறான்.” என் பக்கம் திரும்பினான். “நீ சாட்சி மாமா. நீதான போயி நிறுத்தச் சொன்ன? பாட்ட முடிச்சிட்டுதான் நிறுத்துவேன்னு உங்கிட்டதான சொன்னான்? நீயும் மேல ஏறி சொல்லு.”

நான் நண்டைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். கொடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இவனுடைய அண்ணன், என் பெரிய மச்சான், ஓர் ஆடி மாசம் மத்தியானம் தனியாக இறால் பிடிக்கப் போனார். திடீரென்று அடித்த காற்றில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம் ஊரே ஏரியில் இறங்கித் தேடியது. எங்கள் பக்கத்தில் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. எல்லாப் படகும் ஒன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். பிறகு எல்லாரும் கோலை நிறுத்திவிட்டுப் பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். அதனால் ஏரியில் ஆள் காணவில்லை என்றால் சுற்றியிருக்கிற எந்த ஊரிலும் மேளமோ மைக்கோ இருக்கக் கூடாது. காணாமல் போனவனுடைய ஊரிலிருந்து ஓர் ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷம் நிறுத்திவிடுவார்கள். அம்மன் வீதியில் நின்றாலும் நிறுத்துவார்கள்.

அன்றைக்குப் பசியாவரத்தில் அந்தப் பாட்டுக்காரருடைய கச்சேரி. நாங்கள் கூப்பிடக் கூப்பிட மைக் பாட்டுதான் பதிலுக்கு வந்தது. வேகமாகக் கோல் போடுகிறவன் என்று பெரியவர்கள் என்னை அனுப்பினார்கள். மூச்சிரைக்கப் போய் இறங்கினேன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றபோது அந்தப் பாட்டை ஆரம்பித்தார். அந்த இழுப்பு வருகிற பாட்டு.

முடியட்டும் என்று நின்றேன். வேறு ஒரு காரணமும் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போய்ச் சொல்ல வேண்டிய ஊர்ப் பெரியவர் பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டது. அவர் திரும்பவும் முதலிலிருந்து பாடினார். அதற்கும் நின்றேன்.

பிறகுதான் சொன்னேன். சொன்னதும் ஜெனரேட்டரையே நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்காரர் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ கொடுத்த காஸ் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றார். தேடுகிற படகுகளுக்கு வெளிச்சம் தெரியட்டும் என்று.

பெரிய மச்சான் மறுநாள் காலை கோரைப்புல் ஓரத்தில் கிடைத்தார். காலில் வலைக்கயிறு சுற்றி, சேற்றில் மாட்டி, கடல் தண்ணீர் ஏற ஏற மூழ்கியிருக்கிறார். நாங்கள் தேடின இடத்திலிருந்து கூப்பிடுகிற தூரம்தான். ஏன் இவ்வளவு நேரம் மைக் நிற்கவில்லை என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள். பாட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று பாட்டுக்காரன் சொன்னான் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் அவரைக் கூப்பிடவில்லை. எங்களைப் பார்த்து மற்ற ஊர்களும் கூப்பிடவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. மச்சான் அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டிருந்தான்.

“யோவ், என் தம்பி கூட நீயும் மேல ஏறு” என்றாள் என் மனைவி.

“எழுவது வயசுக்கு மேல என்ன எதுக்குடி மேடை ஏத்தற?”

“பாட்டுன்னா மட்டும் பறந்துனு போவ. எங்கண்ணனுக்காக ஒரே ஒரு தபா வாய தொற. அது போதும்.”

சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கச்சேரிக்குப் போகலாமா வேண்டாமா என்று அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டைப் போட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்பாராம் என்றான் டீக்கடைக்காரன். எனக்குக் குரலைப் பற்றிக் கவலை இல்லை. போகாவிட்டால் அந்த மனுஷன் நான் செய்ததற்கு ஊர் நடுவில் அடி வாங்குவார். போய் நிஜத்தைச் சொன்னால் மச்சானும் போவான், படகும் போகும். வீட்டில் இருப்பவளும் அந்த வீட்டுப் பெண்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மச்சான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். சகலை முன்னால் இடம் பிடிக்க வேறு படகில் போய்விட்டார். நானும் அவனும் மட்டும். நான் வழக்கம்போல விளிம்பில் உட்கார்ந்தேன். பாதி தூரத்தில், கோரைப்புல் தெரிகிற இடத்தில், ஹலோ ஹலோ என்று மைக் பார்க்கிற சத்தம் வந்தது. மச்சான் அந்தப் பக்கம் பார்த்துத் தண்ணீரில் துப்பினான்.

“மச்சான், அவரு அப்டி சொல்லல” என்றேன்.

“எவரு?”

“பாட்டுக்காரரு. சொன்ன ஒடனே நிறுத்திட்டாரு. நான்தான் சொல்லாம நின்னுனு இருந்தேன்.”

அவன் பாய்க்கயிறைக் கையில் சுற்றிக்கொண்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எவ்ளோ நேரம்?”

“ஒரே பாட்டுதான். ரெண்டு தபா.”

“நின்னு கேட்டியா?”

“கேட்டேன்.”

படகு கோரைப்புல்லைத் தாண்டியது. பிறகு கேட்டான். “ஏன் மாத்தி சொன்ன?”

“பயந்துட்டேன்.”

“யாருக்கு? எனுக்கா? எனுக்கு அப்ப மீச கூட சரியா மொளைக்கல. அண்ணன் போனப்பறம் எங்க வூட்டுக்கு நீதான் பெரிய ஆம்பளன்னு உன் பின்னாடியே வந்தேன். உன் தட்டுல சோறு துன்னேன்.” அவன் குரல் ஏறவே இல்லை. “அந்தக் கெழவன எத்தினி வருசமா திட்டினு இருக்கேன் தெரியுமா. காலைல எழுந்தா அவன திட்டிட்டுதான் படகுல கால வெப்பேன். நீ பக்கத்துல உக்காந்துனு கேட்டுனு இருந்த.”

பசியாவரத்துக் கரை வந்தது. “எறங்கு” என்றான்.

“நீ வர்ல?”

“நான் எதுக்கு? நீதான பாட்டு கேக்கற ஆளு. போ. போயி குந்து. பாதில எழுந்து வராத. முழுசா கேட்டுட்டு வா.”

இறங்கினேன். விளிம்பில் ஆள் இல்லாததால் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் பாயை இறக்கிவிட்டுக் கோலைப் போட்டுத் திரும்பிப் போனான். முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கச்சேரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாட்டுக்காரரைக் கைத்தாங்கலாக ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முடிக்கு மை, பூட்ஸ். நாலைந்து பாட்டு பாடினார். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள், பாராட்டி இல்லை. “தாத்தா, தண்ணி குடிச்சிட்டு பாடு” என்று ஒருவன் கத்தினான். அவர் அவனை முறைத்துவிட்டு அந்தப் பாட்டையே எடுத்தார். இழுப்பு வந்தபோது என் கை தானாகக் கோல் போட்டது. நாலு கோல். ஐந்தாவதில் இருமல். கீபோர்டுக்காரன் அவசரமாக நிரப்பினான்.

சகலை என் தோளைத் தட்டினார். “வந்துருக்கவே கூடாது சகல. வா போலாம்.”

“நீ போ” என்றேன். கடைசிப் பாட்டு வரை அசையவில்லை.

முடிந்ததும் மேடைக்கு அருகே போனேன். பத்துப் பேர் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை, அலுப்பாகக் கையை மட்டும் நீட்டினார். என் முறை வந்தது. எந்த ஊர் என்று கேட்டார்.

“கோட்டைக்குப்பம்.”

கையை விடாமல் என்னைப் பார்த்தார். “உங்க ஊருல ஒருத்தர் தண்ணில போயிட்டாரே, கச்சேரிய பாதில நிறுத்தினோம். கெடச்சாரா?”

“கெடச்சாருங்க.”

“உயிரோடயா?”

“இல்லீங்க.”

“அதுக்கப்புறம் உங்க ஊர்ல ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. ராசி இல்லாதவன்னு விட்டுட்டீங்களா?” கோபமாகத்தான் கேட்டார்.

“இல்லீங்க, நான்தான்” என்று ஆரம்பித்தேன். வேன் கிளம்புகிறது என்று ஓர் ஆள் வந்து அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினான். அடுத்தவர் கையை நீட்டினார். நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது.

யாருடைய படகிலோ ஏறி வீட்டுக்கு வந்தேன். மச்சான் அக்காவிடம் சொல்லியிருந்தான். அவள் சோற்றுப் பானையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சகலை என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். படகின் விளிம்பில் நான் உட்காருகிற இடத்தில் ஒரு மணல் மூட்டை கட்டியிருந்தது. மச்சான் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாயை ஏற்றினான். நல்ல காற்று. படகு கொஞ்சமும் சாயாமல் போனது.