பாலிங் சார்ஜரும் அண்டா கழுவிய தண்ணீரும்

1. ஐம்பத்து நான்கு வயதில் முதல் நாள்

சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வயர்மேனாக இருந்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டில் உட்கார்ந்தால் மனைவிக்கும் எனக்கும் தினமும் சண்டைதான் என்று தெரிந்து, மின்சாரக் காடிகளுக்கு சார்ஜர் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். காடி என்று நாங்கள் சொல்வது காரைத்தான்; மின்சாரக் காடி என்றால் இவி.

மானேஜர் தினேஷுக்கு என் மகன் வயது. நான் அவரை பாஸ் என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். முதல் நாளே கேட்டார்.

"அங்கிள், இவி ஓட்டியிருக்கீங்களா?"

"மோட்டார் சைக்கிள்தான் பாஸ்."

"இந்தாங்க சாவி. மெர்போக் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. என்ன சாமானுக்கு சார்ஜர் மாட்டுறோம்னு தெரிய வேணாமா?"

ஸ்டார்ட் ஆனதே தெரியவில்லை. மிதித்த மிதியில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. செம்பனைத் தோட்டத்து நடுவே, பக்கத்தில் யாரும் இல்லாத ரோட்டில், சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். அடுத்த வாரம் மெர்போக்கில் என் கையால் மாட்டிய முதல் சார்ஜரில் ஒருவர் காடியைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று பர்சென்ட் ஏறியது. இருபத்தாறு வருடம் நான் கரண்டு கொடுத்த மெஷின்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. இது கரண்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறது! அவர் கிளம்பியபோது நான் கையசைத்தேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

2. பாலிங்குக்கும் ஒன்று வேண்டும்

அடுத்த சார்ஜரை எங்கே வைப்பது என்று ஒரு மீட்டிங். எல்லாரும் ஷாப்பிங் மால், மால் என்றார்கள். நான் பாலிங் என்றேன்.

"பாலிங்ல யாரு அங்கிள் இவி வச்சிருக்கா?"

"பாலிங்ல இருக்கிறவனுக்கு இல்ல பாஸ். பாலிங் வழியா போறவனுக்கு. இங்கேருந்து கிரிக் போயி, மலை ஏறி கிழக்குக் கரைக்குப் போறவன் நடுவுல எங்க சொருகுவான்? மரத்துலயா?"

தினேஷ் சிரித்தார். ஆனால் யோசித்தார். ஆறு மாதம் பார்க்கலாம், புகார் வந்துகொண்டே இருந்தால் கழற்றி மாலில் வைத்துவிடுவேன் என்றார். நான் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன்.

இடம் கொடுத்தவர் காதர் பாய். பாலிங் டவுன் ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். "காடி சோறு திங்கிற நேரத்துல ஆளும் சோறு திம்பான்லா. எடம் நான் தர்றேன், நீ மாட்டு நாதன்" என்றார். கடைக்குப் பின்னால், ரப்பர் மரங்களைப் பார்த்த மாதிரி ஓர் இடம். த்ரீ ஃபேஸ் லைன் இழுத்தேன். எர்த் கம்பியை அடித்து இறக்கினேன்.

எர்த் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காடியிலோ சார்ஜரிலோ கரண்டு கசிந்தால், தொட்டவர் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக வேண்டும். அதற்காக ஒரு செம்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்குவோம். மண் அந்தக் கரண்டை நன்றாக வாங்கிக்கொள்கிறதா என்று டெஸ்டரில் அளப்போம். எங்கள் கணக்கு பத்து ஓமுக்குக் கீழே. அன்று எனக்கு ஆறு ஓம் காட்டியது. ஒரே கம்பியில் ஆறு! 'எர்த் 6 ஓம், ஓகே' என்று ஸ்டிக்கரில் எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, பெட்டிக்குள் ஒட்டினேன்.

அந்த இடத்தில்தான் கடையில் வேலை செய்யும் செல்வி அக்கா அண்டா கழுவுவார். சோறு வடித்த அண்டா, கறி அண்டா எல்லாவற்றையும் கழுவி அப்படியே கவிழ்ப்பார். தண்ணீர் ஓடி வந்து சார்ஜரின் காலடியில் தேங்கும். எனக்குப் பகீரென்றது.

"அக்கா, கரண்டு இருக்கிற எடத்துல தண்ணி ஊத்தலாமா? இனிமே ஒரு சொட்டு இங்க விழக்கூடாது."

"ரெண்டு வருசமா இங்கதான் ஊத்துறேன்."

"அப்ப சார்ஜர் இல்லக்கா."

பாயிடம் சொல்லி ஒரு சின்ன லோங்காங் கட்ட வைத்தேன். கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தச் சாக்கடை வழியாகப் பின்மூலையில் இருந்த வாழைக்குப் போனது. சார்ஜரைச் சுற்றி இடம் பளிச்சென்று காய்ந்து கிடந்தது. அதைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன்.

3. வேலை செய்தது, செய்யவில்லை

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு வெயில் காலம் வந்தது. ரப்பர் மரங்கள் இலை கொட்ட ஆரம்பித்தன. முதல் புகார் வந்தது: சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவில்லை.

போனேன். திரையில் வந்த பிழை எண் எர்த் பக்கம் கைகாட்டியது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஸ்டிக்கர்: எர்த் 6 ஓம், ஓகே. எழுதியவன் யார்? நான். அப்படியென்றால் எர்த்தில் கோளாறு இல்லை! தினேஷுக்குப் போன் போட்டேன். எர்த்தைப் பார்க்கும் சென்சார் கெட்டிருக்கும், போர்டை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். அன்று சாயங்காலம் ஒரு மழை. மறுநாள் சார்ஜர் ஓடியது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

பத்து நாளில் மறுபடி ரோசாக், அதாவது கோளாறு. கேபிளை மாற்றினேன். பிறகு இன்னொரு புகார். எர்த் டெஸ்டர் எந்நேரமும் என் வேனில்தான் இருந்தது. அதன் பெட்டியைக்கூட நான் திறக்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் என் காது சூடாகிறது.

தினேஷ் கூப்பிட்டார். "அங்கிள், சனிக்கிழமை கடைசி. அன்னிக்கும் ஓடலன்னா கழட்டி வேன்ல ஏத்திட்டு வந்துடுங்க. மால்ல எடம் ரெடி."

4. ஏழு பர்சென்ட்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாடகைக்கு எடுத்த வெள்ளை இவி ஒன்று வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் இறங்கினார்.

"அண்ணே, வேலை செய்யுதா?"

"இல்லம்மா. எவ்வளவு இருக்கு?"

"ஏழு."

ஏழு பர்சென்ட்டில் சுங்கைப்பட்டாணிக்கும் திரும்ப முடியாது, கிரிக்குக்கும் போக முடியாது. அவர் பதறவில்லை. பெயர் மாலதி, புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் பிறந்தவர், இருபது வருடமாகக் கனடாவில் கேல்கரியில் இருக்கிறார் என்று பாய் ஆற்றிய தே தாரிக் டீ வருவதற்குள் சொல்லிவிட்டார்.

"அங்க இவியிலதான்ணே எல்லா எடத்துக்கும் போவேன். கேல்கரியிலேருந்து வான்கூவர் வரைக்கும் மலை மேல ஓட்டியிருக்கேன். குளிர் வந்தா பேட்டரி பாதிக்குப் பாதி இறங்கிடும். ஆனா பாருங்க, பொறந்த நாட்டுல கிழக்குக் கடலப் பாத்ததே இல்ல. தோட்டத்துல இருந்தப்ப அலோர் ஸ்டார்தான் எங்களுக்குத் தூரம். இந்தத் தடவ கோத்தா பாரு போயே ஆகணும்னு வந்தேன்."

நான் ஒதுங்கிப் போய் தினேஷைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்கிள், சென்சாரை நான் இங்கேருந்தே ஆஃப் பண்ணிடறேன். சார்ஜ் ஏறிடும். அவங்கள அனுப்பிட்டு அப்புறம் கழட்டலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொத்தான். அவர் கடலைப் பார்ப்பார், என் மானமும் கொஞ்சம் மிஞ்சும். திரும்பிப் பார்த்தேன். மாலதி காடியின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு பாயோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"வேணாம் பாஸ். காடி மேல கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் பாக்குறேன்."

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் அங்கிள்."

திரும்பி வந்தபோது மாலதி போனை நோண்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்க சார்ஜரப் பத்தி இவி ஓட்டுறவங்க ஆப்புல எழுதியிருக்கிறதப் படிச்சேன். அங்க எங்களுக்கு இது பழக்கம். ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரே சார்ஜர்தான் இருக்கும். அதனால ஓடுதான்னு மட்டும் எழுத மாட்டோம். எப்ப ஓடுச்சு, வெளிய எப்படி இருந்துச்சுன்னும் எழுதுவோம். இங்கயும் ஒருத்தர் அப்படி எழுதியிருக்காரு பாருங்க. 'ஓடியது. நேற்று நல்ல மழை.' அடுத்தது, 'ஓடவில்லை. கடுமையான வெயில்.' மறுபடியும், 'ஓடியது. தரை ஈரம், குடை பிடித்துக்கொண்டு சொருகினேன்.' மழை பேஞ்சா கெட்டுப் போற சார்ஜர் பாத்திருக்கேன். மழை பேஞ்சா வேலை செய்யுற சார்ஜர இப்பதான்ணே பாக்குறேன்!"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். எர்த் கம்பியைச் சுற்றி மண் வெளுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

பின்வாசலில் அண்டாவோடு நின்ற செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார். "நீங்கதானே அண்ணே ஒரு சொட்டு விழக்கூடாதுன்னீங்க."

ஓடிப்போய் டெஸ்டரை எடுத்து வந்து அளந்தேன். நூற்று நாற்பது ஓம்! அந்த சென்சார் பாவம், ஆரம்பத்திலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான் ஆறு ஓம் அளந்த அன்று, மண் இரண்டு வருடத்து அண்டாத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அந்த ஈரத்தை நிறுத்தியவனும் நானே. நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். கோளாறு கையில் சிக்கிவிட்டதே!

"அக்கா, ஊத்துங்க தண்ணிய!"

"நெசமாவா?"

"நெசமாத்தான். எவ்வளவு இருக்கோ அவ்வளவும்!"

மெயினை ஆஃப் செய்தேன். ஆறு வாளி ஊற்றினோம். மறுபடி அளந்தேன், அறுபது. போதாது. அப்படியே போதுமென்றாலும் மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். அப்போதுதான் பின்மூலை வாழை கண்ணில் பட்டது. நான் கட்ட வைத்த லோங்காங் கொண்டு போய்க் கொட்டுகிற இடம். அந்த வெயிலிலும் கால் வைத்தால் புதைந்தது. வேனில் இருந்த இரண்டு புதுக் கம்பிகளையும் சம்மட்டியையும் இறக்கினேன். நாலு அடி அடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. பாய் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ரொட்டி மாஸ்டர்! மாவு கெடக்கட்டும், இங்க வா!"

ரொட்டி சானாய் வீசி வீசி உரமேறிய கை. கம்பி விலகாமல் நான் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் இரண்டையும் தரை மட்டத்துக்கு இறக்கிவிட்டார். மாலதி செம்புக் கேபிளைப் பிரித்துக் கொடுக்க, நான் சுவரோரமாக இழுத்துப் பழைய கம்பியோடு சேர்த்து முடுக்கினேன். கடைக்குச் சாப்பிட வந்தவர்கள் தட்டோடு பின்பக்கம் வந்து நின்றுகொண்டார்கள்.

அளந்தேன். எட்டு ஓம்.

மெயினைப் போட்டேன். சார்ஜர் ஒரு நிமிடம் யோசித்தது. சிவப்பு போனது. பச்சை வந்தது. மாலதி சொருகினார். ஏழு, எட்டு, ஒன்பது. ரொட்டி மாஸ்டர் கை தட்டினார். பாய் எல்லாருக்கும் தே தாரிக் என்று அறிவித்துவிட்டு, ஒருத்தருக்கு ஒண்ணுதான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். அப்போது மணி பதினொன்றரை.

எண்பது பர்சென்ட்டில் மாலதி கிளம்பினார். போவதற்கு முன் போனில் எதையோ எழுதினார். பிறகு நான் படித்துப் பார்த்தேன். 'ஓடுகிறது. கடும் வெயில். சாப்பாடு நன்று. அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொருகவும்.'

5. ரிப்போர்ட்

அன்றே ரிப்போர்ட் எழுத வேண்டும். கோளாறுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'வெயில்' என்று எழுதியிருக்கலாம், பொய்யும் ஆகாது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். பிறகு எழுதினேன்: 'ஈரமாக இருந்த எர்த் குழியை நானே காயவைத்தேன். பழைய அளவை நம்பி மறுபடி அளக்கவில்லை. மாற்றிய போர்டும் கேபிளும் நன்றாகவே இருந்தன.'

திங்கட்கிழமை தினேஷ் கூப்பிட்டார்.

"அங்கிள், உங்க மேல நீங்களே புகார் எழுதியிருக்கீங்க."

"ஆமா பாஸ்."

"சென்சாரை ஆஃப் பண்றேன்னு நான் சொன்னது இதுல இல்லையே."

"அதான் ஆஃப் பண்ணலையே பாஸ்."

"பாலிங் சார்ஜர் அங்கேயே இருக்கட்டும்" என்றார். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. அவர் முடிக்கவில்லை. "ஆமா அங்கிள், இதுவரைக்கும் எத்தன பெட்டிக்குள்ள ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

எண்ணிப் பார்த்தேன். "பதினாலு பாஸ்."

"வெயில் இருக்கும்போதே போயி அளந்துட்டு வாங்க."

மறுநாள் காலையே டெஸ்டரோடு கிளம்பினேன். பதினான்கில் இரண்டு இடத்தில் கம்பி சேர்க்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று மெர்போக், நான் கையசைத்து வழியனுப்பிய முதல் சார்ஜர். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷின் ஒன்று சொல்லி, உங்கள் கையெழுத்து வேறொன்று சொன்னால், முதலில் கையெழுத்தைச் சந்தேகப்படுங்கள். இப்போதெல்லாம் என் ஸ்டிக்கரில் ஓகே கிடையாது. அளவு, தேதி, வெயிலா மழையா என்று மட்டும் எழுதி, கீழே அடுத்த அளவுக்கு இடம் விடுகிறேன்.

மாலதி கிளம்பிய மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காலை வெயில், கிழக்குக் கடல், மணலில் அவர் கால். அந்த வாரமே அதை பிரிண்ட் போட்டு பாலிங்குக்கு எடுத்துப் போனேன். செல்வி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம அண்டாத் தண்ணியிலயா அண்ணே அவங்க அவ்வளவு தூரம் போனாங்க?"

"ஆமாக்கா."

அந்தப் போட்டோ இன்னும் பின்வாசல் கதவில், அவர் அண்டா கழுவும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறது.