பனிச்சங்காய்ச் சாயமும் திரேசியாவின் முடிச்சும்

செய்தி வந்தபோது நான் திரேசியாவைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான். மறைத்துவிடலாம் என்றால் நெசவுசாலையில் இருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதனால் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நீர்வேலிக் கல் ஒழுங்கையிலும் அவள் கடற்கரை மணலைக் காலால் தள்ளுவது போலத்தானே நடப்பாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகி, இரண்டு கையையும் துடுப்புப் போல வீசி, தறிகளுக்கு நடுவே அப்படி ஒரு நடை நடந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவளுடைய தம்பி மரியதாஸ் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான்.

அவனும் பார்த்துவிட்டான். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது.

"பூமணியக்கா, அக்கா மோசம் போயிட்டா," என்றான். "காலமை தேத்தண்ணி குடிச்சிட்டு வலையிலை கை வைச்சவ. அப்பிடியே சாய்ஞ்சு செத்துப்போனா."

நான் செருகிய சேலையை இறக்கிவிட்டேன். வேறு என்ன செய்வது. சைக்கிளைச் சுவரில் சாத்திய மரியதாஸ், "நீங்கள் நடந்து காட்டினது சரி. ஆனா அவ இடக்கையை இவ்வளவு வீசமாட்டா," என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

திரேசியாவைத் தெரிந்த நீங்கள்தான் அவளைப் பற்றி எழுது என்று என்னைப் பிடித்து உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள். வாய் ஓயாதவளுக்குக் கையும் ஓடும் என்று நினைப்பு. நான் பள்ளிக்கூடத்துக்குள் இருந்ததைவிடப் பள்ளிக்கூட மதிலில் இருந்த நேரம்தான் கூட. இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது. திரேசியாவின் பிழை ஒன்றும் வரும். அது துணியில் வந்த பிழை.

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த வருடம் கடற்கரைக் குருநகர்ச் சனம் எங்கள் ஊருக்கு எழும்பி வந்ததே, அப்போது வந்தவள் அவள். எல்லோரும் பானையும் பாயும் கொண்டு வந்தார்கள். அவள் தலையில் ஒரு வலைப் பொதி. எங்கள் நெசவுசாலைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் அவர்களை இருத்தினார்கள். எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

"என்ன பிள்ளை, நீர்வேலியிலை வாழைமரத்திலையோ மீன் பிடிக்கப் போறாய்?"

பொதியை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குலை தள்ளுற மரம் மீன் தள்ளாதோ? பாப்பம்," என்றாள். என் வயதுக்காரி. என் வாய்க்கு ஏற்ற வாய். நீர்வேலி முழுக்கத் தேடி எனக்குக் கிடைக்காத ஆள் குருநகரில் இருந்திருக்கிறாள்.

அந்த நேரம் எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து நூல் வருவது நின்றுவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு கட்டு வெள்ளை நூல். அதை நெய்யவும் வழியில்லை, ஏனென்றால் தறியில் விழுதுகள் எல்லாம் இற்றுப்போயிருந்தன. தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒவ்வொன்றையும் கண்ணுக்குள் பிடித்துத் தூக்கி இறக்குகிற கயிறுதான் விழுது. அது அறுந்தால் தறி வெறும் கட்டில்.

அப்போதுதான் எங்கள் நெசவுச் சங்கத் தலைவர் நெசவுசாலைக்கு வந்தார். "இந்த மண்டபம் சும்மா கிடக்குது. அகதிச் சனத்துக்கு வாற அரிசி மூட்டை வைக்க எனக்கு இடமில்லை. தறியளைக் கழட்டிப் பின்னாலை அடுக்குங்கோ," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அரிசியும் தேவைதான். ஆனால் மழையில் அடுக்கிய தறி திரும்ப எழும்பாது. முதலில் கறையான், பிறகு அடுப்பு. எங்கள் மூத்த நெசவுக்காரி சரசு, ஒரு நாளும் யாரையும் கெஞ்சாதவள், அன்று கெஞ்சினாள். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு தறியாவது ஓடி நல்ல துணி ஒன்று காட்டினால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் போனார். சரசுவுக்கு அந்தத் தறிதான் சோறு. எனக்கு அந்த மண்டபத்தை விட்டால் பகல் முழுக்க மாமியார்தான்.

மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த திரேசியா விழுதைப் பார்த்தாள். "உது என்ன, எலி திண்ட வலை மாதிரிக் கிடக்குது?" நான் விளக்கினேன். ஒன்றை விரலில் எடுத்து உருட்டி, கண்ணின் மேலும் கீழும் உள்ள முடிச்சைப் பார்த்தாள். "உது எங்கடை வேலையெல்லே. நான் கட்டித் தாறன். ஆனா கட்டித் தந்திட்டுக் கொட்டிலுக்கை போய்க் குந்தமாட்டன். என்னோடை வந்த பெண்டுகளுக்கு ஒரு தறி வேணும். நெய்யப் பழக்க வேணும்."

சரசு திரும்பாமலே சொன்னாள்: "கடற்கரை ஆக்கள் தறியிலை ஏறினால் துணி மீன் மணக்கும்."

திரேசியா மூலையில் இருந்த, நூலுக்குப் போடுகிற கஞ்சிப் பானையைத் திறந்து மணந்து பார்த்தாள். "மணக்கும்தான். உங்கடை புளிச்ச கஞ்சி இருக்கே, ஒண்டு மற்றதை அமத்திப்போடும்," என்றாள். நான்தான் முதலில் சிரித்தேன். சரசு சிரிக்கவில்லை. மறுநாள் வந்து, "சரி, கட்டட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

வலைக்குக் கண் அளக்கிற சின்னப் பலகையும் வலை ஊசியும் எடுத்துக்கொண்டு குருநகர்ப் பெண்கள் தறியடியில் வட்டமாக இருந்தார்கள். பலகையில் கயிற்றைச் சுற்றி, ஊசியை ஓட்டி, இழுத்து ஒரு முடிச்சு. எல்லாக் கண்ணும் ஒரே உயரத்தில் நின்றன. சரசு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றாவது நழுவவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒன்றும் நழுவவில்லை. மறுபக்கம், குறுக்கு நூலைக் கொண்டோடுகிற நாடாவை எறிய அவர்களுக்குச் சரசு பழக்கினாள். திரேசியா எறிந்த முதல் நாடா தறியைத் தாண்டி, யன்னலைத் தாண்டி, வாழைத் தோட்டத்தில் விழுந்தது. "வலை எறியிற மாதிரி எறியாதை, அங்காலை கடலில்லை," என்றாள் சரசு. அவள் பகிடி விட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

இனிப் பிழைக்கு வருகிறேன். இப்போது வலையெல்லாம் நைலோன். முன்பு பருத்தி வலைக்குப் பனிச்சங்காய் இடித்து ஊறவைத்த சாற்றில் தோய்த்து எடுப்பார்களாம், கடல் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க. எங்கள் விழுதுக் கயிறு பருத்தி. பருத்தியைக் கண்டதும் திரேசியாவின் கை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வலைப் பொதிக்குள் கிடந்த காய்ந்த பனிச்சங்காயை எடுத்து, ஊறவைத்து, கட்டிய விழுதை எல்லாம் தோய்த்து, அரைகுறையாகக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேன் என்று யார் சொல்லுவார்கள்?

கடைசிக் கட்டு வெள்ளை நூலைப் பாவாக ஏற்றி, புது விழுதில் பூட்டி, சரசு மிதித்தாள். வெள்ளைத் துணி தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

திரேசியா துணியைத் தொட்டுப் பார்த்து, கையை மணந்து பார்த்தாள். "பனிச்சங்காய்," என்றாள். "ஊறவைக்காத வலை ஒரு மாரிக்கும் நிக்காதெண்டு… நான் வலையெண்டு நினைச்சிட்டன்." வெளியே போய் வாழையடியில் இருந்தாள். நான் போய், "என்னடி, மீன் தள்ளுதோ?" என்று கேட்டேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும்தான் என் பகிடி அவளிடமிருந்து வெறுங்கையோடு திரும்பியது.

உள்ளே இருந்து சரசுவின் சத்தம்தான் கேட்டது. "ஆர் வெளியிலை குந்தியிருக்கிறது? வேறை நூல் கிடக்குதோ எங்களிட்டை? நாடாவை ஆரும் எடுங்கோ. நெய்வம்."

நெய்தோம். விழுது காயக் காயச் சாயம் குறைந்துகொண்டு வந்தது. தேத்தண்ணி, பால் தேத்தண்ணி, பால் என்று துணி தானாகவே நிறம் மாறி, கடைசி முழம் வெள்ளையாக முடிந்தது.

கூட்டத்தன்று தலைவர் அதை விரித்துப் பார்த்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "இதென்ன நிறம்?"

நான் முந்திக்கொண்டேன். "அது ஐயா, கடற்கரை. உங்காலை ஈர மணல், இங்காலை காய்ஞ்ச மணல். புது மோஸ்தர்."

"இல்லை ஐயா, பிழை," என்றாள் திரேசியா. "நான் விட்ட பிழை. சாயம் இறங்கிப்போச்சு. துணியைப் பாக்காதையுங்கோ, வந்து முடிச்சைப் பாருங்கோ. முடிச்சிலை பிழையில்லை."

எனக்கு அவளைக் கிள்ளவேண்டும் போல இருந்தது. தலைவர் எழுந்து தறிக்கு வந்தார். விழுதைப் பிடித்து இழுத்தார். வேட்டியை மடித்துக்கொண்டு இருந்து தானே மிதித்தும் பார்த்தார்.

"உது எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?"

"நான் போனாப் பிறகும் நிக்கும்."

அவர் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே இருந்தார், எழும்ப மனமில்லாதவர் போல. பிறகு சொன்னார்: "அரிசிக்குக் கோயில் மடத்தைக் கேட்டுப் பாக்கிறன். நீங்கள் தறியை ஓட்டுங்கோ. ஆனா உந்தத் துணியை மட்டும் ஒருத்தருக்கும் வித்துப்போடாதையுங்கோ. சங்கத்துக்கு மானக்கேடு."

அப்படித்தான் மண்டபம் தப்பியது. யன்னலோரத் தறி குருநகர்ப் பெண்களுக்கு ஆனது, பிறகு பக்கத்துத் தறியும் ஆனது. நூல் இல்லாத மாதங்களில் அவர்களுடைய பழைய பருத்தி வலைகளை அவிழ்த்து, அந்தத் தடித்த நூலைக் குறுக்கே கொடுத்துச் சமுக்காளம் நெய்தோம். கரையைச் சரசு போட்டாள், தலைப்பு முடிச்சைத் திரேசியா போட்டாள். வெறுந்தரையில் படுத்திருந்த எத்தனையோ பேருக்கு அது போனது. உங்களில் சிலர் இன்றும் அதில்தான் படுக்கிறீர்கள். பங்கு பிரிக்கிற கூட்டங்களில் தலைவருக்கு முன்னால் பேசத் தயங்கி நின்ற எங்களை முதுகில் தள்ளிவிட்டவளும் அவள்தான். "நெய்யத் தெரியுது, விலை சொல்லத் தெரியாதோ? வாயைத் திறவுங்கோ," என்பாள். நான் ஏற்கனவே திறந்துதான் வைத்திருந்தேன். மற்றவர்களைச் சொல்கிறேன்.

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்கள் ஒரு பக்கமும் சைவக்காரப் பெண்கள் ஒரு பக்கமும் இருந்து சாப்பிட்ட காலம் எப்போது முடிந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. யாரோ ஒரு முறை அதைப் பற்றிக் கதை எடுத்தபோது திரேசியா, "முடிச்சுக்கு வேதமும் தெரியாது, சைவமும் தெரியாது. இழுத்தால் இறுகும்," என்று சொல்லிவிட்டுச் சரசுவின் கத்தரிக்காய்க் குழம்பில் கை வைத்தாள். இறுகியதை அவசரப்பட்டு வெட்டப் போனால்தான் அவளுக்குக் கோபம் வரும். "வெட்டாதையுங்கோ. முடிச்சை வெட்டினால் போட்டவளை வெட்டின மாதிரி. இருந்து அவிழுங்கோ."

இந்த வருடம் தடையைத் தளர்த்திக் கடலுக்குப் போகக் கொஞ்சம் விட்டார்களே, உடனே ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது வலை ஊசியை என்னிடம் தந்தாள். "எனக்கு அங்கை வேறை கிடக்கு. உனக்கு வாயைத் தைக்க உதவும்," என்றாள். தம்பியின் வள்ளம் திரும்பவும் கடலில் இறங்கியதைப் பார்த்தாள், அதற்கு வலையும் பொத்தினாள். அந்த வலையில் கை வைத்தபடி போனாள். அவளுக்கு அது போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஊசி, விற்கக்கூடாத அந்தத் துணி, அவள் பழக்கிய ஒரே ஒரு முடிச்சு. விழுதுகள் என்னுடையவை இல்லை. அவை தறியில் இன்னும் நிற்கின்றன.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லோருமாகக் குருநகர் போனோம். அந்தத் துணியை அவள் படத்துக்குக் கீழே விரிக்கவேண்டும் என்று சொன்னது சரசு. நான் அதைப் பழைய பேப்பரில் சுற்றி, சைக்கிளில் அவிழ்ந்து விழாமல் இருக்க விழுதுக் கயிற்றால் கட்டி, திரேசியா பழக்கிய முடிச்சைப் போட்டேன். கோயிலில் அது அவிழவில்லை. நான் முயன்றேன், சரசு முயன்றாள், மரியதாஸ் பல்லால் முயன்றான். பூசை வைக்க வந்த பாதிரியார், எங்கள் சுவாமி, ஒரு கத்தி கொண்டுவந்தார். முடிச்சை வெட்டக்கூடாது என்ற அக்காவின் பேச்சை மரியதாஸ் சொன்னான். சுவாமி கத்தியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மணி அடித்துவிட்டது. பொதியை அப்படியே படத்துக்கு முன்னால் வைத்தோம். பூசை நல்லபடியாக நடந்தது. திரும்பக் கொண்டுவந்து யன்னலோரத் தறியில் வைத்திருக்கிறேன். சரசு மத்தியானங்களில் அதன் முன்னால் இருந்து இன்னும் அவிழ்க்கிறாள். எனக்கு நகம் போய்விட்டது.