நான் நனைத்த பந்துகள்

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அக்காவைப் பூப்பந்தாட்டத்தில் பழக்கியதே நான்தானாம். கைக்குப் பலம் வரட்டும் என்று கம்பளிப் பந்தைத் தண்ணீரில் நனைத்துப் போட்டேனாம். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு மூளையாம். நானும் தலையைக் குனிந்து சிரித்து, அந்தப் பெருமையை இத்தனை வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். பந்தை நனைத்தது உண்மை. மற்றதெல்லாம் பொய்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறி, தன்னைவிடச் சின்னப் பெண்களோடு அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் பூப்பந்து மைதானம். அதுவும் போன வருடப் போட்டியில் போயிற்று. கடைசியாக அவள் போட்ட பந்து வலையைத் தாண்டவில்லை. "ஏன், வீட்டுல சோறு போடலையா?" என்று எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்க, மைதானமே சிரித்தது. வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் அழுதாள்.

இந்த வருடப் போட்டிக்கு அவளை அனுப்பச் சொல்லி விளையாட்டு டீச்சர் வீடு தேடி வந்து அப்பாவிடம் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றீங்கன்னு இந்த ஒரு தடவை அனுப்புறேங்க" என்றார் அப்பா. "மறுபடி அழுதுகிட்டு வந்து வாசல்ல நின்னான்னா, தையோட படிப்பும் வேணாம், பந்தும் வேணாம்."

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு ஆள் வந்துபோயிருந்த சமயம் அது. எனக்கோ பள்ளிக்கூடமே வேப்பங்காய். இனிப் போக வேண்டாம் என்று ஒருவர் சொல்வது தண்டனையா? என்னை யாராவது அப்படி மிரட்ட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

அரையாண்டு விடுமுறைக்கு டீச்சர் ஒரு மட்டையையும் இரண்டு பழைய பந்துகளையும் கொடுத்தனுப்பினார். மார்கழி மாதம். சம்பா கதிர் வாங்கி நின்றது, அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் களம் காலியாகக் கிடந்தது. அதில் இரண்டு மூங்கிலை நட்டு, அம்மாவின் கிழிந்த சேலையை வலையாகக் கட்டினோம். விடிந்ததும் நான் பந்தைத் தூக்கிப் போட வேண்டும், அவள் அடிக்க வேண்டும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. குறை முட்டையில் இருந்தது.

எங்கள் கோழிகள் இடுவதே கொஞ்சம். விற்றது போக மிஞ்சுவது அதுவரை எனக்கு வந்தது. "பாவம், கையில தெம்பே இல்ல" என்று அம்மா அதை அவித்து அக்காவிடம் கொடுக்க ஆரம்பித்தாள். அக்கா என் எதிரிலேயே உரித்துத் தின்பாள். கேட்டால் மஞ்சள் கருவில் கிள்ளிக் கொடுப்பாள். எனக்கு அது போதவில்லை. அவள் பந்தை விட்டால் முட்டை திரும்பிவரும் என்று கணக்குப் போட்டேன்.

பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்வது. தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும். அவள் எழுந்து வருவதற்குள் வாய்க்கால் படித்துறையில் இரண்டையும் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து வைத்துவிடுவேன்.

"என்னடா, கல்லு மாதிரி இருக்கு?"

"பனிக்கா. ராத்திரி முழுக்க வெளியில கெடந்துச்சுல்ல."

மார்கழிப் பனியை யார் சந்தேகப்படுவார்கள்? முதல் நாலைந்து நாள் பந்து சேலையிலேயே மோதி விழுந்தது. தோள் வலியில் ராத்திரி முனகினாள். முட்டை நாளைக்கே வந்துவிடும் என்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன். ஆனால் அவள் விடவில்லை. பந்து ஒரு நாள் சேலையைத் தொட்டுக்கொண்டு தாண்டியது. விடுமுறை முடிவதற்குள் களத்தின் அந்தக் கோடிக்கே போயிற்று.

பள்ளி திறந்த வாரமே நீடாமங்கலத்தில் போட்டி. அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். நல்ல வெயில், புத்தம் புதுப் பந்து. அக்கா அடித்த முதல் பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி வயலில் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

"யாரும்மா அது, பந்தை மன்னார்குடிக்கு அனுப்புறது?"

"டிக்கெட்டு வாங்கிட்டு அனுப்பும்மா!"

பந்து பொறுக்க என்னைத்தான் விரட்டினார்கள். வரப்பில் கிடந்ததை எடுத்தேன். கோழி இறகு போல இருந்தது. நனைந்த பந்துக்குப் பழகிய கை அவளுடையது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்று ஆட்டத்தில் முதல் ஆட்டம் தோற்றோம். அக்கா தண்ணீர்ப் பானை அருகே உட்கார்ந்து, தன் கையையே யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. டீச்சர் இன்னொரு பெண்ணைத் தயாராகச் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் தர்மம் நினைத்து அவளிடம் போகவில்லை. பின்னால் எப்படியாவது தெரிந்து அப்பாவின் காதுக்குப் போனால் தோலை உரித்துவிடுவார் என்ற பயம்.

"அக்கா, வீட்டுப் பந்தை நான் வாய்க்கால்ல முக்குனேன்."

"என்னிக்கு?"

"தெனமும்."

"பனின்னு சொன்னியேடா!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"அப்ப என் கையில ஒண்ணும் கோளாறு இல்லையா?"

"உன் கை பேய்க் கைக்கா. பாதி அடி அடி, போதும்."

"வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கிறேன்" என்று எழுந்தாள். டீச்சரிடம் போனாள். "இன்னும் ரெண்டே பந்து பாருங்க டீச்சர். வெளிய போச்சுன்னா நானே உக்காந்துக்குறேன்."

முதல் பந்தைத் தடவுவதுபோல அடித்தாள். வலைக்கு மேலே மிதந்துபோய்க் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அடுத்ததும் உள்ளே. அதன்பின் அவளை யாரும் மாற்றவில்லை. தூரத்தில் நிற்பவர்களுக்கு ஓங்கியும், ஓங்குவதுபோல் காட்டி முன்னால் மெல்லத் தட்டியும், கேலி பேசியவர்களையே கைதட்ட வைத்தாள். அடுத்த இரண்டு ஆட்டமும் எங்களுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஏன்டா முக்குன?"

"முட்டைக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அழுகிறாள். ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள்? ஒரு முட்டைக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊர் வந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நான் பந்தை முக்கிய அதே படித்துறையில் இறங்கி முகத்தைக் கழுவினாள். தாவணியால் துடைத்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"கண்ணு செவந்திருக்காடா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்லக்கா. வா, பசிக்குது."

அப்பா வாசலில் நின்றிருந்தார். முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஜெயிச்சோம்ப்பா" என்றாள் அக்கா. என்னை ஒருமுறை பார்த்தாள். "தம்பிதான்ப்பா, கைக்குப் பலம் வரட்டும்னு பந்தை நனைச்சு நனைச்சுப் போட்டான்."

அப்பா என் தலையில் கை வைத்தார். தென்னந்தோப்புக்காரர்களுக்கு வேறு பெண் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் போனது. அந்த வருடம் கணக்கிலும் தேறிய அக்கா, பின்னாளில் விளையாட்டு டீச்சராகவே வேலை பார்த்து ஓய்வும் பெற்றாள். அன்று சொன்ன பொய்யை இதுவரை அவள் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அன்று அவள் தோற்று அழுதுகொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, எனக்கே ஒரு பெண் பிறந்து அவளுக்குப் பதினைந்து வயதானபோதுதான் உறைத்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ராத்திரி அம்மா எனக்கென்று ஒரு முழு முட்டை அவித்துக் கொடுத்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளிக்கூடக் கொடுக்காமல் தின்று முடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்றேன்.