வீட்டில் விட்டுப்போன பூட்டு

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். லிஃப்ட் மெக்கானிக். கூட்டாளி லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், இவர் மேலே மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். இறங்கியவன் ஏறி வந்து முகத்தைக் காட்டினால்தான் சாவி வெளியே வரும். முதலாளியே வந்து நின்றாலும் இந்த மனிதர் மசியமாட்டார். இருபத்தாறு வருடம் அப்படித்தான் இருந்தார்.

பிறகு மகன் வயதில் ஓர் இன்ஜினியர் மேலதிகாரியாக வந்தார். இரண்டு தடவை வாய்த்தகராறு. ‘இளையவர்களுக்கு அடங்குவதில்லை’ என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வாரமே, “ஆள் வெளிய வந்தாச்சு அண்ணே, சாவியக் குடுங்க” என்று அந்த இன்ஜினியர் கேட்க, இவர் எட்டிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். ஆள் வெளியே வரவில்லை. குழியில் இருந்தது இவருடைய கூட்டாளி, என் அண்ணன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இன்ஜினியருக்கு இடமாற்றம், இவருக்குச் சீட்டுக் கிழிந்தது. சாவி இவர் பொறுப்பில் இருந்ததாம், அதனால் குற்றமும் இவருடையதாம். அந்த நியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. இவரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன்.

அண்ணனுக்கு எங்களை விட்டால் நாதியில்லை, எங்களோடுதான் இருக்கிறான். எட்டு மாதம் இவர் வேலை கேட்டு ஏறாத படியில்லை. கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பராமரிக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வென்று கூப்பிட்டார்கள். ஐம்பத்துமூன்று வயதுக்காரரிடம் முதலில் என்ன கேட்பார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவனே அதிகாரி வேஷம் கட்டினான்.

“உங்களைவிடச் சின்னவர் மேலதிகாரியா இருந்தா என்ன செய்வீங்க?”

 மடித்து ஊக்கு குத்திய அண்ணனின் கால்சட்டையையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘வயசு பெரிசில்ல சார், அவர் சொல்றபடி நடப்பேன்’னு சொல்லு மாப்ள. பட்ட காலிலே படும்பாங்க. எனக்கு அந்தப் பயமும் விட்டுப்போச்சு. சும்மா சொல்லு.”

அவன் மட்டும்தான் சிரித்தான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தேர்வில் எதிரே மூன்று பேராம். கேள்வியைக் கேட்டது நடுவில் இருந்த இளம்பெண். இவருக்கு மேலதிகாரியாகப் போகிறவளே அவள்தான். இவர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறார். அவள் விடவில்லை.

“நான் சொல்றது தப்புன்னு உங்களுக்குத் தோணினா?”

இதை அண்ணன் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அப்பவும் சொன்னபடி கேப்பேன் மேடம். கேட்டிருக்கேன்.”

மூவரும் திருப்தியாகத் தலையாட்டினார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

முதல் நாள் காலை இவர் கிளம்பும்போது பூட்டு அலமாரியிலேயே கிடந்தது. அண்ணன்தான் பார்த்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து நீட்டினான்.

“மறந்துட்ட மாப்ள.”

“மறக்கல மச்சான். சாவியக் கேட்டா குடுத்துத்தான் ஆகணும். அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். அப்புறம் பூட்டு எதுக்கு?”

“அங்க குழியில எவன் இறங்கப்போறான்?”

“தெரியல. இன்னும் பேர்கூடக் கேக்கல.”

அண்ணன் என்னைப் பார்த்தான். பூட்டை வாங்கி இவர் பையில் நான் திணித்திருக்கலாம். சாப்பாட்டுப் பாத்திரத்தைத்தான் திணித்தேன். எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது.