டேப்பைப் பிடித்திருந்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த அறைக்குள் போய் உயிரோடு வெளியே வந்தவன் நான். எனக்கு அது போதும்.

ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி, 1996. தங்கச் சுரங்க அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். யூனிக்ஸ் கணினியின் டேப் டிரைவ் பேக்கப் எடுக்க மறுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கணினி அறைக்கு ஜன்னல் கிடையாது. தீப்பிடித்தால் கரியமில வாயு பாய்ந்து அணைக்கும் ஏற்பாடு. உள்ளே போகிறவர் வெளிச்சுவரில் உள்ள சாவியை 'ஆள் உண்டு' பக்கம் திருப்பிவிட்டு, தன் பெயர் வில்லையைப் பக்கத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். அப்போது வாயு பாயாது. நானும் மாட்டிவிட்டுத்தான் போனேன்.

பழைய டிரைவர் நிரலைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கழற்ற விடவில்லை. 'டேப் பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை. யார் பிடித்திருப்பது என்று தேடினேன். கெரின் என்ற பயனர் பெயர் வந்தது. கணினியிலிருந்து துரத்தினேன். திரும்ப வந்தது. கணினியையே அணைத்து மறுபடி போட்டேன். இப்போது நான் ஒருவன்தான் கணினிக்குள் நுழைந்திருந்தேன். ஆனாலும்... கெரின்.

டேப் தானாகச் சுற்றியது. விர்ர்ர்... டக். விர்ர்ர்... டக்.

மேலாளர் க்ளைவுக்குப் போன் போட்டேன்.

"கெரின் யாருங்க?"



"அந்தப் பேர அழிச்சுத் தொலைடா."

"அழிச்சுட்டேன். மறுபடி வருது."

"உனக்குக் குடுக்கற காசுக்கு ஒரு கங்காருவ ஒக்கார வெச்சிருக்கலாம். இரு, நானே வரேன்."

வந்தார். பீர் வாடை. என்னை வெளியே போகச் சொன்னார். என் வில்லையைக் கழற்றிக்கொண்டேன்.

"க்ளைவ், உங்க வில்லை?"

"அதெல்லாம் சும்மா சடங்குடா. போ அங்கிட்டு."

கதவு மூடியது.

சுவரில் இருந்த சாவி 'ஆள் இல்லை' பக்கம் திரும்பியது. தானாக.

பாய்ந்துபோய்த் திருப்பப் பார்த்தேன். என் விரல்களை எதிர்த்து இன்னொரு கை... சில்லென்று.

உள்ளே, உஸ்ஸ்ஸ்...

"கெரின்! வேணாம்! கதவத் தொறடீ!" உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டே அலறினார் க்ளைவ்.

இழுத்தேன். கதவு அசையவில்லை.

தட்டல் நின்றது.

கதவு தானாகத் திறந்தது. க்ளைவ் தரையில் கிடந்தார். முகம் நீலம். திரையில் கெரின் பெயர் இல்லை.

அவர் நெஞ்சு முழுக்கக் கரியமில வாயு என்றார் டாக்டர்.

வாசல் காவலாளி டோரீன் பிறகு என்னிடம் சொன்னாள். "உனக்கு முன்னாடி இங்க வேல பாத்த கெரின், உள்ள அந்த டேப்பத்தான் சரி பண்ணிட்டிருந்தா. இந்த க்ளைவ் அவ வில்லையப் பாக்காம சாவியத் திருப்பிட்டான். ஏதோ ஒயர் புகைஞ்சு வாயு பாஞ்சிருச்சு. அப்புறம் அவ வில்லையக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, அவ மாட்டவே இல்லன்னு சாதிச்சான். செத்தவ மேலயே பழி. நான் பாத்தேன். வேலைக்குப் பயந்து வாயத் தொறக்கல."

தப்பாக நினைக்காதீர்கள். க்ளைவுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

வாயு உருளைகள் இருக்கும் அறையைக் காட்டச் சொன்னேன். டோரீன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திறந்தாள்.

வெறும் அறை. சுவரில் வாய் மூடிய குழாய்கள்.

"கெரின் செத்த வாரமே உருளைய எல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்களே," என்றாள். "அப்புறம் வைக்கவே இல்ல."